காய்ச்சல் விட்ட பின்னும் விடாத காதிரைச்சலும் தள்ளாட்டமும்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு, நான் உப்புவெளியில் வசிக்கும் 43 வயது ஆசிரியை. மாரி மழை தொடங்கிய நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தடிமனும் காய்ச்சலும் வந்தன. மற்றவர்கள் விரைவில் எழும்பிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டு ஒரு கிழமை சென்றபின், ஓர் அதிகாலையில் கண் விழித்தபோது அறை முழுவதும் சுழன்றது. சத்தி எடுத்தேன், சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. வைத்தியசாலையில் அனுமதித்துப் பரிசோதித்து, பாரிசவாதம் இல்லை என்று கூறி, தலைச்சுற்றுக்குக் குளிசை தந்து அனுப்பினார்கள். அந்தக் கடும் சுழற்சி சில நாட்களில் நின்றுவிட்டது. ஆனால் இரண்டு மாதங்கள் ஆகியும் படகில் நிற்பவள் போலவே உணர்கிறேன். வலது காதில் இரவும் பகலும் ஒரு கூவல் கேட்கிறது. அந்தக் காதில் தொலைபேசியை வைத்தால் பேச்சு தெளிவில்லை. கோணேசர் கோவிலுக்குப் போனபோது பாறை ஓரத்தில் நின்று கடலைப் பார்த்தேன்; நெஞ்சு படபடத்து, கை விரல்கள் விறைத்து, இறந்துவிடுவேன் என்றே எண்ணினேன். அன்று முதல் வெளியே போகவில்லை. பாடசாலைக்கு விடுமுறை போட்டுவிட்டுப் பெரும்பாலும் படுத்தே இருக்கிறேன். குளிசையை நிறுத்தப் பயம். அயலவர் நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். எனது கணவர் எல்லாம் மனப்பிரமை என்கிறார். இது மனநோயா? மூளையில் கட்டி இருக்குமோ?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களை இரவில் உறங்க விடாமல் வைத்திருப்பவை கடைசி இரண்டு கேள்விகள்தான் என்பதால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் விவரித்திருக்கும் வரலாறு மனப்பிரமை அல்ல. மூளைக் கட்டி இப்படித் திடீரென ஓர் அதிகாலையில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து வருவதும் மிக அரிது. வைரஸ் காய்ச்சலின் பின் உட்செவி பாதிக்கப்படும்போது ஏற்படும் நோயின் வரலாற்றைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கூவல், தள்ளாட்டம், பயம் ஆகியவற்றை மூன்று தனி நோய்களாக எண்ண வேண்டாம். மூன்றும் ஒரே இடத்தில் முளைத்து, ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

செவிப்பறைக்கு அப்பால், எலும்புக்குள் புதைந்து, பட்டாணி அளவே உள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் ஒரு பகுதியான நத்தைச் சுருள் ஒலியை உணர்கிறது. மற்றப் பகுதியில் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரண்டு சிறு பைகளும் தலையின் அசைவை உணர்கின்றன. இரண்டும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டின் நரம்புகளும் ஒன்றாகவே மூளைக்குச் செல்கின்றன. நாம் அசையாமல் இருக்கும்போதுகூட இரண்டு காதுகளிலிருந்தும் சமமான சைகைகள் இடைவிடாது மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு திடீரென நொண்டினால் வண்டி எப்படி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகுமோ, அப்படியே ஒரு காதின் சைகை குறைந்ததும் மூளை தலை சுழல்வதாக எண்ணிக்கொள்கிறது. நீங்கள் அன்று அதிகாலையில் கண்டது அதைத்தான்.

சமநிலை நரம்பு மட்டும் அழற்சியடைந்தால் கேட்டல் கெடுவதில்லை. உட்செவி முழுவதும் அழற்சியடைந்தால் தலைச்சுற்றோடு காதிரைச்சலும் கேட்டல் குறைவும் சேர்ந்து வரும். உங்கள் வலது காதில் பேச்சு தெளிவில்லை என்று எழுதியிருப்பதால் இரண்டாவதையே நான் சந்தேகிக்கிறேன். சாதாரண தடிமன் வைரஸ்கள், இன்புளுவென்சா, கொரோனா, சிறுவர்களில் கூகைக்கட்டு, சின்னமுத்து எனப் பல வைரஸ்கள் உட்செவியைத் தாக்கக்கூடியவை. கொப்புளிப்பான் வந்து மாறிய பின் நரம்புக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் வைரஸ் மீண்டும் எழுந்தும் இதைச் செய்யலாம். அப்போது காது மடலில் கொப்புளங்களும் முகத்தின் ஒரு பக்கத்தில் கோணலும் தோன்றக்கூடும். அவை உங்களுக்கு இருந்ததாக எழுதவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாதிக்கப்பட்ட காது முழுமையாகச் சீரடையாவிட்டாலும் மனிதர்கள் நலமடைகிறார்கள். மீதமிருக்கும் சைகைகளை வைத்துக்கொண்டு மூளை, குறிப்பாகச் சிறுமூளை, தன் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறது. ஆனால் அந்தக் கணக்கைத் திருத்துவதற்கு அதற்குப் பிழைகள் தெரிய வேண்டும். பிழை தெரிவது தலை அசையும்போது மட்டுமே. தலையை அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளைக்குத் திருத்துவதற்கு எதுவும் கிடைப்பதில்லை. உங்களை நீங்கள் பாதுகாத்துக்கொள்வதாக எண்ணிச் செய்துவரும் ஓய்வே உங்கள் நோயை நீட்டிக்கிறது.

குளிசையும் அதே தீங்கைச் செய்கிறது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற தலைச்சுற்று மருந்துகள் முதல் இரண்டு மூன்று நாட்களில், சத்தியும் சுழற்சியும் தாங்க முடியாமல் இருக்கும்போது பேருதவி செய்பவை. வைத்தியசாலையில் அவற்றைத் தந்தது சரியானதே. ஆனால் அவை சமநிலைச் சைகைகளை மழுங்கடிப்பவை. மாதக்கணக்கில் எடுத்தால் மூளை தன்னைச் சரிப்படுத்திக்கொள்வது தாமதமாகும். உங்கள் கடிதத்தில் குளிசையின் பெயர் இல்லை. ஆகையால் பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வைத்தியரிடம் சென்று, அதைக் குறைத்து நிறுத்தும் முறையைக் கேளுங்கள். டயசிபாம் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் தாமாக உடனே நிறுத்தக் கூடாது.

இந்த நோய்க்கான பயிற்சிகள் புதியவை அல்ல. 1940களில் பிரித்தானியாவில் கோத்தோர்ன் என்ற காது வைத்தியரும் குக்சி என்ற மறுவாழ்வு வைத்தியரும், தலையில் காயமடைந்த படையினரைப் படுக்கையில் வைத்திருப்பதை விட, தலையையும் கண்களையும் அசைக்கச் செய்வதே அவர்களை விரைவாக நடக்க வைக்கிறது என்று கண்டு, பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றைய பயிற்சிகள் அதன் வளர்ச்சியே. வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் இவற்றை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. அதுவரை வீட்டில் தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தாளில் பெரிதாக ஓர் எழுத்தை எழுதிச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு மீற்றர் தூரத்தில் கதிரையில் அமர்ந்து, பார்வையை அந்த எழுத்திலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமுமாக, எழுத்து மங்காத அளவு வேகத்தில் ஒரு நிமிடம் திருப்புங்கள். ஓய்வெடுத்துவிட்டு மேலும் கீழுமாகச் செய்யுங்கள். நாளொன்றுக்கு மூன்று வேளை போதும். இலேசாகத் தலை சுற்றும், சுற்றத்தான் வேண்டும். கால் மணி நேரத்துக்குள் அது அடங்கினால் அளவு சரி. மணிக்கணக்கில் நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள். அமர்ந்து செய்வது எளிதானதும் நின்றுகொண்டும், பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்தும், பிறகு மடித்துப் போட்ட மெத்தை மீது நின்றும் செய்யுங்கள். நிற்கும் பயிற்சிகளின்போது அருகில் ஒருவர் இருக்க வேண்டும். பலன் தெரிய ஆறு, எட்டுக் கிழமைகள் பிடிக்கலாம். முதல் கிழமையில் மோசமாகிவிட்டது போலத் தோன்றுவதைக் கண்டு கைவிட்டுவிடாதீர்கள்.

இதோடு நடக்க வேண்டும். உட்துறைமுக வீதி போன்ற சமதரையில், பகல் வெளிச்சத்தில், உங்கள் கணவரோடு தொடங்குங்கள். நடந்துகொண்டே ஒரு பக்கத்துக் கடைப் பலகையையும் மறுபக்கத்து மரத்தையும் மாறி மாறிப் பாருங்கள். காது தரும் தகவல் குறைந்திருக்கும்போது மூளை கண்ணையும் பாதத்தையும் நம்பி நிற்கிறது. அதனால்தான் கடற்கரை மணலிலும், மின்சாரம் நின்ற இரவிலும், சந்தைக் கூட்டத்திலும் நீங்கள் அதிகமாகத் தள்ளாடுவீர்கள். அவற்றைத் தவிர்த்து வாழப் பழகாமல், சமதரை இலகுவானதும் உப்புவெளி மணலுக்கு இறங்குங்கள். கடலில் மட்டும் இப்போது இடுப்பளவுக்கு மேல் இறங்க வேண்டாம். நீருக்குள் கண்ணும் பாதமும் உதவாத வேளையில் எந்தப் பக்கம் மேல் என்றே தெரியாமல் போகலாம். தலையைச் சட்டெனத் திருப்பினாலும் சுற்றவில்லை என்ற நிலை வரும்வரை ஸ்கூட்டரையும் தொடாதீர்கள்.

கோணேசர் கோவிலில் உங்களுக்கு நேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நாம் நேராக நிற்பதற்குக் கண் அருகிலுள்ள அசையாத பொருட்களைப் பற்றிக்கொள்கிறது. இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பார்ப்பவருக்கு அருகில் எதுவும் இல்லை. தொலைவில் அசையும் அலைகளே உண்டு. நல்ல காதுள்ளவர்களுக்கே அவ்விடத்தில் கால் கூசும். காதும் கைவிட்ட நிலையில், கண்ணும் கைவிட்ட கணத்தில், உங்கள் மூளை விழப்போகிறோம் என்று அறிவித்தது. அது கோழைத்தனம் அல்ல. கோட்டை வாசலிலிருந்து மான்கள் மேயும் அந்த ஏற்றப் பாதை உங்களுக்கு மிகச் சிறந்த நடைப்பயிற்சி. கோவில் வரை போய்க் கும்பிடுங்கள். பாறை ஓரத்தைச் சில மாதங்களுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

பயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் சமூகத்தில் இந்த நோயாளர்கள் மிகவும் அவமானப்படுவது இந்த இடத்தில்தான். சமநிலைச் சைகைகள் வந்து சேரும் மூளைத் தண்டின் மையங்கள், பயத்தையும் இதயத் துடிப்பையும் குமட்டலையும் ஆளும் பகுதிகளோடு நேரடியாக இணைந்திருக்கின்றன. கால் வழுக்கும் கணத்தில் யோசிக்கும் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இணைப்பினால்தான். உங்களுக்கு அந்த அறிவிப்பு நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பயத்தில் மூச்சு விரைவாகும். மூச்சு விரைவானால் குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு குறையும். அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கித் தலை மேலும் மிதக்கும், விரல்களும் உதடும் விறைக்கும். அந்த விறைப்பைக் கண்டு பயம் இன்னும் கூடும். அன்று பாறை ஓரத்தில் நடந்தது இந்தச் சுழல். அடுத்த முறை தொடங்கும்போது, ஓரிடத்தில் அமர்ந்து, அருகிலுள்ள அசையாத பொருளொன்றைப் பார்த்தபடி, மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களில் அலை தணியும். தணிந்தபின் வீட்டுக்கு ஓடிவிடாமல், போன வேலையை முடித்துவிட்டுத் திரும்புங்கள். ஓடிவரும் ஒவ்வொரு முறையும் மூளை அந்த இடத்தை ஆபத்தான இடமாகக் குறித்துக்கொள்ளும்.

காது ஓரளவு சீரான பின்னும் மூன்று மாதங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மிதப்பும் தள்ளாட்டமும் தொடர்ந்தால், அதற்கு பி.பி.பி.டி. என்ற தனிப் பெயருண்டு. சமநிலை நோய்களை ஆராயும் பன்னாட்டு வைத்தியர்களின் பரானி சங்கம் 2017இல் இதற்கான வரையறைகளை வெளியிட்டது. (இந்தச் சங்கத்தின் பெயருக்குரியவர், உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ரொபேர்ட் பரானி.) பயிற்சியோடு உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் இந்நிலைக்குக் கொடுக்கப்படுகின்றன. வைத்தியர் உங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் ‘பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்’ என்று மனம் வெதும்பாதீர்கள். காதும் மூளையும் பயமும் பின்னிக்கொண்ட முடிச்சை அவர்களும் சேர்ந்தே அவிழ்க்க வேண்டும். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, கால் முறிந்தவருக்குக் கட்டு தெரிகிறது. உங்கள் மனைவிக்கு எதுவும் வெளியே தெரியவில்லை, அவ்வளவே. ‘ஒன்றுமில்லை, எழும்பு’ என்று சொல்லாதீர்கள். ‘பாவம், படுத்திரு’ என்றும் சொல்லாதீர்கள். மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘வாரும், நடப்போம்’ என்று அழையுங்கள்.

இனிக் கூவல். நத்தைச் சுருளிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் சேதமடைந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்த இடத்திலிருந்து ஒலி வராததால் மூளை தன் கேட்கும் திறனைக் கூட்டிக்கொண்டு, வெளியே இல்லாத ஓர் ஒலியைக் கேட்கிறது. அந்த ஒலி உங்கள் காதை மேலும் கெடுக்காது. அது பெருகிக்கொண்டு போகும் நோயின் அறிகுறியும் அல்ல. இதை அடியோடு நிறுத்தும் குளிசை என்று நிரூபிக்கப்பட்ட எதுவும் இதுவரை இல்லை. விளம்பரங்களில் விற்கப்படும் கிங்கோ முதலியவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் ஆபத்தில்லாத ஒலி என்று மூளை தெரிந்துகொண்டால், பல மாதங்களில், பெரும்பாலானோருக்கு அது பின்னணிக்குப் போய்விடுகிறது. இருக்கிறதா, கூடியதா என்று அடிக்கடி செவிகொடுத்துச் சோதிப்பதே அதை முன்னணியில் நிறுத்தி வைக்கிறது. முழு அமைதியில் உறங்க முயலாதீர்கள். மின்விசிறியோ, மெல்லிய வானொலியோ, கூவலைவிடச் சற்றுக் குறைந்த அளவில் ஒலிக்கட்டும். கடற்கரைக்கு அருகில் வீடு என்றால் யன்னலைத் திறந்துவைத்தாலே போதும். நுளம்பு வலை மட்டும் அவசியம். வெடிச் சத்தம், திருவிழா ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகே மட்டும் காதை அடைத்துக்கொள்ளுங்கள். தேநீரை அடியோடு விட வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் இரண்டு. காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காதைப் பார்த்து, கேட்டல் பரிசோதனை செய்ய வேண்டும். இதை இனியும் பிற்போட வேண்டாம். ஒரு காதில் மட்டும் கேட்டல் குறைவும் இரைச்சலும் இருப்பதாக அது காட்டினால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொல்வார்கள். சமநிலை நரம்பில் வளரும், புற்றுநோயல்லாத, மிக மெதுவான ஒரு கட்டி சிலருக்கு அரிதாக இருக்கக்கூடும் என்பதால் அதை விலக்கிக்கொள்வது முறை. பயப்பட வேண்டிய சமிக்ஞை அல்ல. படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் குருதி அமுக்கத்தை அளந்து, இரத்தச்சோகையும் உண்டா என்று பார்ப்பதும் நல்லது.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரங்களும் உண்டு. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறுதல், இரட்டைப் பார்வை, விழுங்க முடியாமை, கை கால் பலவீனம், முன்னெப்போதும் இல்லாத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத நிலை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் உள்ளவர்கள் இதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: நான் கிண்ணியாவைச் சேர்ந்த சுழியோடி, கடலட்டை பிடிப்பவன். தடிமன் காய்ச்சல் மாறும் முன்பே தொழிலுக்குப் போனேன். மறுநாள் எழும்பும்போது இடது காது அடைத்து, இரைச்சலோடு எதுவுமே கேட்கவில்லை. உம்மா உள்ளியைக் காய்ச்சிய எண்ணெய் விட்டார். மீண்டும் எப்போது சுழியோடலாம்?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, அச்சாகும் வரை காத்திருக்கக்கூடிய கடிதம் அல்ல இது, ஆகவே கிடைத்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொன்னோம். மற்றத் தொழிலாளர்கள் அறிவதற்காக இங்கும் எழுதுகிறேன். மூன்று நாட்களுக்குள் ஒரு காதின் கேட்டல் திடீரென விழுந்தால், வேறொன்று என்று நிரூபிக்கப்படும்வரை, அதை அவசர நோயாகவே கருத வேண்டும். வைரஸினால் வந்த நரம்புச் செவிட்டுத்தன்மை என்றால் ஸ்டெரொயிட் மருந்து பயன் தரும் காலம் முதல் இரண்டு கிழமைகள். அதிலும் முந்தினால் முந்திய பலன். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதில் உரத்துக் கேட்டால் குறும்பியோ சளியோ அடைத்திருக்கக்கூடும். நல்ல காதில் உரத்துக் கேட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். எந்தப் பக்கம் கேட்டாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். பின்னது என்றால் அன்றே போக வேண்டும். எண்ணெய் எதுவும் விடாதீர்கள், செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே இறங்கும்.

தடிமன் இருக்கும்போது மூக்கையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் வீங்கி அடைத்திருக்கும். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அதைச் சமப்படுத்த முடியாமல் செவிப்பறை கிழியலாம். உட்செவித் திரவமே கசியலாம். உங்கள் காதை நிபுணர் பார்த்து அனுமதி தரும்வரை சுழியோடக் கூடாது. ஒரு பருவ வருமானம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அது சிறிய விடயமல்ல. ஆனால் ஆழத்தில் இருக்கும்போது தலைச்சுற்று வந்தால் மேலே வரும் வழி தெரியாது.

கேள்வி: எனது வாப்பாவுக்கு 68 வயது. காய்ச்சலில் ஒரு கிழமை படுக்கையில் கிடந்தபின், படுக்கையில் புரளும்போதும், தொழுகையில் சுஜூது செய்து நிமிரும்போதும் தலை கடுமையாகச் சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. காதில் இரைச்சல் இல்லை. இதுவும் அதே நோயா?
– ஒரு வாசகி, மூதூர்

பதில்: இது வேறு, எளிதில் தீரக்கூடியது. உட்செவியின் சிறு பைகளில் ஒட்டியிருக்கும் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் உதிர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் புகுந்துவிட்டால், தலையின் நிலை மாறும்போதெல்லாம் அவை உருண்டு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சியைத் தரும். வயதானவர்களிலும், நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர்களிலும், உட்செவி அழற்சி வந்தவர்களிலும் இதைக் கூடுதலாகக் காண்கிறோம். குளிசை உதிர்ந்த துகளை நகர்த்தாது. 1980இல் ஜோன் எப்லி என்ற அமெரிக்க வைத்தியர் விவரித்த முறைப்படி, தலையைக் குறிப்பிட்ட ஒழுங்கில் திருப்பித் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடலாம். சில நிமிட வேலை. பலர் ஓரிரு தடவையிலேயே குணமடைகிறார்கள்.

எந்தக் காது என்று சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் இதைச் செய்யப் போகாதீர்கள். அவருக்குக் கழுத்து எலும்புத் தேய்வு இருந்தால் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். சிகிச்சை கிடைக்கும்வரை வாப்பா கதிரையில் அமர்ந்து தொழட்டும். நோயாளிக்கு அதற்கு இடமுண்டு என்பதை அவரே உங்களைவிட நன்றாக அறிவார். படுக்கையிலிருந்து எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, விளிம்பில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். இந்த வயதில் தலைச்சுற்றைவிட, விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதே பெரிய ஆபத்து.